பத்து மணி அடிச்சாச்சு!

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சத்தத்தைப் பற்றித்தான். அதனால் இந்த வாரம் மொத்தமும் காதுக்கு ஒதுக்கீடு. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், மும்பை என்று பக்கத்து ஊர் வண்டவாளங்களும் தண்டவாளம் ஏறுகின்றன.

குடியிருப்பது ஓசூர், வேலை பெங்களூரு. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் சத்தத்துக்கான சட்டமும் மாறுமா? (ஒரு வாசகர், ஓசூர்)

போர்டில் எழுத்து மாறும், டீயில் சர்க்கரை மாறும், டெசிபல் மாறாது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள்தான் இரண்டு பக்கமும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மீதி இரவு. எல்லை தாண்டினால் மாறுவது ஒன்றே ஒன்று: போன் போட்டால் வருகிற ஆள்.

45 டெசிபல் என்றால் எவ்வளவு சத்தம்? (ஓர் இல்லத்தரசி, மந்தைவெளி)

உங்கள் சமையலறை ஃபிரிட்ஜ். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே ஃபிரிட்ஜின் சத்தம் 46 டெசிபலுக்குள் இருக்கவேண்டும் என்று அரசு வரம்பு வைத்திருக்கிறது. ராத்திரியில் ஒரு தெரு முழுக்கச் சேர்ந்து ஒரு ஃபிரிட்ஜ் அளவுக்கு முனகலாம். அவ்வளவுதான் அனுமதி.

55 இருக்கவேண்டிய இடத்தில் 65 இருந்தால் பத்துதானே கூடுதல்? இதற்கு ஏன் இவ்வளவு அமர்க்களம்? (கல்லூரி மாணவர், திருச்சி)

தம்பி, இது கூட்டல் கணக்கல்ல, மடக்கைக் கணக்கு. பத்து ஏறினால் ஒலியின் செறிவு பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். இருபது ஏறினால் செறிவு நூறு மடங்கு. இன்னொரு வேடிக்கை: 80 டெசிபல் மிக்ஸிக்குப் பக்கத்தில் இன்னொரு 80 டெசிபல் மிக்ஸியை ஓட்டினால் 160 ஆகாது, 83தான் ஆகும். கந்துவட்டி மாதிரி. சொல்கிற எண் சின்னது, வாங்குகிற அடி பெரிது.

மார்கழி வந்தால் விடியற்காலை நாலரைக்கே கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடுகிறது. பக்திக்கு விதிவிலக்கு உண்டா? (மூத்த வாசகி, மயிலாப்பூர்)

பக்திக்கு எந்த நேரமும் உண்டு. ஸ்பீக்கர் பெட்டிக்கு ஆறு மணிக்கு மேல்தான். திருவிழாவுக்காக மாநில அரசு தளர்த்தக்கூடியது இரவு 10 முதல் 12 வரை மட்டுமே. விடியற்காலையைத் தளர்த்த அரசுக்கே அதிகாரம் கொடுக்கப்படவில்லை. இது கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்துக்கும் ஒன்றுதான்.

வாயால் பாடிக்கொண்டு மாடவீதியைச் சுற்றிப் போகிற பெரியவர்களை நான் ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டிருக்கிறேன். அந்தக் குரல் வாசலைத் தாண்டி இரண்டு நிமிடத்தில் போய்விடும். பெட்டி போகாது; கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள்.

திருவிழாவுக்கான அந்த 15 நாள் தளர்வு இருக்கிறதே, எங்கள் தெருவில் வருஷத்துக்கு ஐம்பது நாள் அதைச் சொல்லியே ஓட்டுகிறார்கள். (வாசகர், வேலூர்)

காலண்டர் வருடத்துக்கு மொத்தமே 15 நாள். எந்தெந்த நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கவேண்டும். கலாசார விழா, சமய விழா இரண்டுக்குத்தான். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது, இதற்கு மேல் நீட்ட முடியாது என்ற பொருளில்தான். தலைவர் பிறந்தநாளும் பங்காளி வீட்டுக் காதுகுத்தும் இந்தக் கணக்கில் வராது. உங்கள் தெருக்காரர்களிடம் அரசாணையைக் கேளுங்கள். ஆணை வருகிறதோ இல்லையோ, அமைதி வரும்.

கொஞ்சம் சத்தம் போட்டால் என்ன, யார் உயிராவது போய்விடுமா? (ஒலி-ஒளி அமைப்பாளர், சேலம்)

போயிருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18இல் கொடுத்த ஒலி மாசுத் தீர்ப்பின் ஆரம்பப் பக்கங்களைப் படியுங்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி. வன்கொடுமைக்கு ஆளானபோது உதவி கேட்டு அலறினாள். அக்கம்பக்கத்தில் அலறிக்கொண்டிருந்த ஒலிபெருக்கிப் பாட்டில் அந்தக் குரல் யார் காதுக்கும் எட்டவில்லை. அன்று மாலையே தீ வைத்துக்கொண்டு இறந்துபோனாள். வழக்கைத் தூண்டியது அந்தச் செய்திதான்.

தலைமை நீதிபதி லஹோட்டியும் நீதிபதி அசோக் பானும் சொன்னது: அமைதியாக வாழ்வது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையில் அடக்கம். பேச உரிமை உண்டு. கேட்க விரும்பாதவர் காதுக்குள் ஒலிபெருக்கியை வைத்துத் திணிக்க உரிமை கிடையாது. இனி இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள்.

இந்த விஷயத்தில் சென்னையின் பங்கு என்ன? (வாசகர், தாம்பரம்)

தலையாய பங்கு. மாதவரம் நெடுஞ்சாலையில் உள்ள கே.கே.ஆர். நகர்க் குடியிருப்போர் சங்கம், பக்கத்துப் பிரார்த்தனைக் கூடத்தின் ஒலிபெருக்கி, டிரம்ஸ் சத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30இல் தீர்ப்பு. மற்றவர் நிம்மதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்றது நீதிமன்றம். இன்றைக்கு எந்த ஊரில் ஒலிபெருக்கி வழக்கு வந்தாலும் வக்கீல்கள் முதலில் எடுத்துவைப்பது இதைத்தான். வழக்கு போட்டது ஒரு நகர், பலன் நாட்டுக்கு.

கூம்பு ஸ்பீக்கருக்கு மட்டும் ஏன் தனியாகத் தடை? (மைக்செட் உரிமையாளரின் மகன், விருதுநகர்)

கூம்பு, சத்தத்தைக் குவித்து ஒரே திசையில் ஈட்டி மாதிரி எறியும். பக்கத்துக் கிராமத்துக்காரனுக்கும் கேட்கட்டும் என்று கண்டுபிடித்த சாதனம் அது. கேட்கவேண்டிய கூட்டம் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துக் கிராமத்தை எதற்கு எழுப்பவேண்டும்? உங்கள் அப்பா வைத்திருந்த கூம்புகளைப் பத்திரமாக வையுங்கள். பழைய படம் எடுக்கிறவர்கள் வாடகைக்குக் கேட்பார்கள்.

டெசிபல் அளக்கிற மீட்டர் போலீஸ்காரரிடம் இல்லை. எப்படிப் புகார் கொடுப்பது? (ஐ.டி. ஊழியர், வேளச்சேரி)

இந்த வாரத்தின் முக்கியமான கேள்வி இதுதான். பத்திரிகையைக் கிழித்து பீரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

புகாருக்கு இரண்டு வாசல். ஒன்று, வரம்பைவிட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் தாண்டியிருக்கவேண்டும். இதற்கு மீட்டர் வேண்டும், அளக்க ஆள் வேண்டும், அவர் வருவதற்குள் கச்சேரி முடிந்திருக்கும். இரண்டாவது வாசல், இரவுக் கட்டுப்பாட்டை மீறுவது. 2010 திருத்தம் இதைச் சேர்த்தது. பத்து மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி பாடினால் அது 50 டெசிபலா 90 டெசிபலா என்ற பேச்சே கிடையாது. பாடுவதே குற்றம்.

ஆகவே புகாரை டெசிபலில் எழுதாதீர்கள், கடிகாரத்தில் எழுதுங்கள். "இரவு 10.20, இன்ன தெரு, இன்ன மேடை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது." கடிகாரம் இல்லாத காவல் நிலையம் கிடையாது.

பெங்களூரில் ஸ்பீக்கர் வைக்க என்ன நடைமுறை? (மென்பொருள்காரர், மாரத்தஹள்ளி)

2022 மே 10இல் கர்நாடக அரசு ஓர் ஆணை போட்டது. ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் 15 நாளில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கவேண்டும், இல்லையா, கழற்றவேண்டும். அனுமதியைத் தீர்மானிக்க மூன்று பேர் குழு: உதவி போலீஸ் கமிஷனர், மாநகராட்சி நிர்வாகப் பொறியாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. நம் ஊரில் சத்தம் என்று போலீஸிடம் போனால் மாசு வாரியத்தைக் காட்டுவார், வாரியத்துக்குப் போனால் போலீஸைக் காட்டுவார்கள். அங்கே மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துவிட்டார்கள். கைகாட்ட இடமில்லை.

ஹைதராபாத்தில் ஊர்வலங்களில் டிஜேக்குத் தடை போட்டார்களாமே, அளவாக வைத்துக்கொள் என்று சொன்னால் போதாதா? (இசைப்பிரியர், நெல்லூர்)

போதாது. காரணம் மீட்டருக்குள்ளே இருக்கிறது. சட்டம் சொல்லும் டெசிபல் 'ஏ' அளவுகோலில் அளப்பது. மனிதக் காது மெல்லிய ஒலியில் தாழ்ந்த சுருதியைச் சரியாகக் கேட்காது என்பதால் அந்த அளவுகோல் பேஸ் சத்தத்தைத் தள்ளுபடி செய்துவிடும். 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் தள்ளுபடி! ஆடித் தள்ளுபடியில்கூட இவ்வளவு கிடைக்காது.

டிஜே வண்டியின் முழு வியாபாரமும் அந்தத் தாழ்ந்த சுருதியில்தான். நெஞ்செலும்பில் இடிக்கும், ஜன்னல் கம்பி நடுங்கும், தொட்டிலில் பிள்ளை தூக்கிவாரிப்போட்டு எழும். மீட்டர் மட்டும் பாதியைத்தான் சொல்லும். 2024 அக்டோபரில் ஹைதராபாத் போலீஸ் அளந்துகொண்டிருக்காமல், சமய ஊர்வலங்களில் டிஜே கருவிகளே கூடாது என்று அறிவித்தது. அளக்க முடியாததை நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம்.

பப் சத்தத்துக்கு? (அதே ஊர், வேறு வாசகர்)

ஹைதராபாத்தின் ஜூபிலி ஹில்ஸ் குடியிருப்போர் வழக்கு போட்டார்கள். 2022 செப்டம்பரில் தெலங்கானா உயர் நீதிமன்றம் இரவு பத்துக்கு மேல் பப்களில் பாட்டே கூடாது என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தடை குறிப்பிட்ட சில பப்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. சுருங்கினாலும் வீடு இருக்கிற தெருவில் வழக்கு போடலாம், வெல்லலாம் என்று எல்லாப் பப்களுக்கும் தெரிந்துவிட்டது.

மும்பையில் ஹாரன் அடித்தால் சிக்னல் பச்சையே ஆகாதாமே! (ஆட்டோ ஓட்டுநர், கோவை)

உண்மை. சோதனையாகச் சில சிக்னல் கம்பங்களில் டெசிபல் மீட்டரைக் கட்டினார்கள். ஹாரன் சத்தம் 85ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கின் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஹாரன் அடிக்க அடிக்க நிற்கவேண்டியதுதான். 2020இன் தொடக்கத்தில் மும்பைப் போக்குவரத்துப் போலீஸ் அந்த வீடியோவை வெளியிட்டு நாடே பார்த்தது. அபராதம் பையைக் கடிக்கும், இது பொறுமையைக் கடித்தது. நம்மவர்களுக்குப் பொறுமையில்தான் வலிக்கும்.

அண்ணே, உங்களுக்குத் தனியாக ஒன்று: மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவின்படி தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்துக்கு மேல் ஆபத்து இல்லாமல் ஹாரனைத் தொடவே கூடாது. சவாரியை அழைக்கக் காலிங் பெல் இருக்கிறது.

புகார் கொடுத்தால் "இவன்தான் கொடுத்தான்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் எப்படி அந்தத் தெருவில் குடியிருப்பது? (பெயர் வேண்டாம், அம்பத்தூர்)

உங்கள் பெயரை நானும் போடவில்லை பாருங்கள். 2025 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், குர்லா பகுதிக் குடியிருப்போர் வழக்கில் இதைத்தான் கவனித்தது. புகார் சொன்னவர் யார் என்பதைச் சத்தம் போட்டவரிடம் போலீஸ் சொல்லக்கூடாது. முதலில் எச்சரிக்கை, அடுத்து அபராதம், அதற்கும் அடங்காவிட்டால் ஒலிபெருக்கி பறிமுதல் என்று படிப்படியாக நடவடிக்கை. மொபைல் ஆப் வைத்துக்கூட போலீஸ் அளந்து பார்க்கலாம் என்றும் சொன்னது. ஒலிபெருக்கி எந்த மதத்துக்கும் இன்றியமையாத அங்கம் அல்ல என்றது அதே தீர்ப்பு.

தூங்கவேண்டும் என்று கேட்பது ஏதோ கோள்மூட்டுகிற காரியம் என்ற எண்ணம் நம் தெருக்களில் இருக்கிறது. நோயாளிக்காக, படிக்கிற பிள்ளைக்காகக் குரல் கொடுக்கிறவர்தான் அந்தத் தெருவின் காவல்காரர். அவரைக் காட்டிக்கொடுக்கிற காவல்காரருக்குத்தான் நடவடிக்கை வேண்டும்.

ஜெயில் உண்டா, ஜாமீன் உண்டா? (வாசகர், கடலூர்)

முன்பு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை என்று இருந்தது. கேட்கப் பயங்கரம். 2024 ஏப்ரலிலிருந்து அதை மாற்றி 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று வைத்திருக்கிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் பொதுத் தொல்லைப் பிரிவிலும் போகலாம். அங்கே அபராதம் 1,000 ரூபாய் வரைதான்.

சத்தம் போட்டதற்காக ஐந்து வருஷம் உள்ளே போன ஒருவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நடக்காத சிறையைவிட நடக்கிற அபராதம் மேல். ஆனால் அந்தச் சீட்டைக் கிழிக்க ஒரு கை நீளவேண்டும்.

எங்கள் தெருக் கல்யாண மண்டபம் "உள்ளரங்கம், எங்களைக் கேட்க முடியாது" என்கிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியை, குரோம்பேட்டை)

டீச்சர், அவர்கள் விதியின் முதல் பாதியை மனப்பாடம் செய்து பாஸ் ஆகப் பார்க்கிறார்கள். மூடிய அரங்கத்துக்குள் இரவிலும் ஒலிபெருக்கி வைக்கலாம் என்பது சரி. ஆனால் உள்ளே இருப்பவர்கள் கேட்பதற்கு மட்டும். தனியார் இடத்து ஒலி அமைப்பாக இருந்தால், மதில் ஓரத்தில் அளக்கும்போது வரம்பைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. குடியிருப்புப் பகுதி இரவு என்றால் 45 கூட்டல் 5, ஐம்பது.

நானும் ஒரு மண்டபத்துக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தவன். வரவேற்பு நாளில் மேஜைமேல் தண்ணீர் டம்ளரை வைத்தால் போதும், கச்சேரி ஆரம்பித்தது கண்ணுக்கே தெரியும். நடுவில் சின்னதாக ஒரு வளையம் எழும், விளிம்பில் போய் உடையும், அடுத்தது எழும். அடி விழ விழ வளையம். அலமாரிக் கண்ணாடி தனியாகத் தாளம் போடும். ஒருநாள் நேரே போய்ப் பார்த்தேன். உள்ளே ஏசி போதவில்லை என்று தெருப்பக்கக் கதவு இரண்டையும் விரியத் திறந்து, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேனேஜரிடம் பேசிப் பயனில்லை. செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் டம்ளரில் வளையம் பாதியாகக் குறைந்திருந்தது.

மூடிய அரங்கம் என்றால் கதவு மூடியிருக்கவேண்டும், டீச்சர். அதைத்தான் புகாரில் முதல் வரியாக எழுதவேண்டும்.

பக்கத்து மனையில் ராத்திரி ஒரு மணிக்கு கான்கிரீட் போடுகிறார்கள். நடுவில் நிறுத்த முடியாதாம். (வாசகர், சோழிங்கநல்லூர்)

நடுவில் நிறுத்த முடியாது, நிஜம்தான். ஆனால் காலையில் ஆரம்பிக்க முடியும். சத்தம் எழுப்பும் கட்டுமான இயந்திரங்கள் இரவில் குடியிருப்புப் பகுதியில் ஓடக்கூடாது என்று 2010 திருத்தம் சொல்கிறது. 2021இல் டெல்லி மாசு வாரியம் இந்தக் குற்றத்துக்கு 50,000 ரூபாயும் இயந்திரப் பறிமுதலும் என்று விலைப்பட்டியலே போட்டது. மிக்சர் லாரி பறிபோகும் என்றால் மேஸ்திரி விடிந்த பிறகுதான் வேலையைத் தொடங்குவார்.

ஜெனரேட்டர்? (கடை உரிமையாளர், தியாகராய நகர்)

பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபல். அதற்கு மேல் உறுமினால் பெட்டி ஓட்டை என்று அர்த்தம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், பக்கத்துக் கடைக்காரர் வக்கீலைக் கூப்பிடுவதற்குள்.

ஆஸ்பத்திரி வாசலில் 'அமைதி மண்டலம்' போர்டு இருக்கிறது. அதற்கு நேர்கீழே ஹாரன் அடிக்கிறார்கள். (பெண் மருத்துவர், மதுரை)

ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம், பகலில் 50, இரவில் 40 என்பது விதி. ஆனால் 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு முறையாக அறிவித்தால்தான் அந்த இடம் அமைதி மண்டலம். பெயின்டர் எழுதினால் போதாது, அரசிதழில் ஏறவேண்டும். உங்கள் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் இடம்பெற வைக்கும்வரை விடாதீர்கள். ஐ.சி.யு.வில் இருப்பவரால் மனுப் போட முடியாது.

சென்னையில் சத்தத்தை யாராவது அளக்கிறார்களா, இல்லை சும்மாவா? (சந்தேகப் பிராணி, பல்லாவரம்)

அளக்கிறார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இல் தொடங்கிய வலைப்பின்னலில் ஏழு பெருநகரங்கள். ஊருக்குப் பத்து, மொத்தம் 70 நிலையங்கள். சென்னையில் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை, கிண்டி என்று பத்து. பெங்களூரில் நிம்ஹான்ஸ், ஒயிட்ஃபீல்டு, ஹைதராபாத்தில் ஜூபிலி ஹில்ஸ் என்று பக்கத்து ஊர்களுக்கும் தலா பத்துதான்.

பத்துக் கருவி ஊரின் சராசரியைச் சொல்லும், உங்கள் தெருவின் சனிக்கிழமையைச் சொல்லாது. அந்த 55, 45 எல்லாமே நேரத்தின் மேல் பரப்பிய சராசரி. நடுநிசியில் ஒரு நிமிடம் வெடித்த சரவெடி, ராத்திரி முழுவதன் சராசரியில் பெருமளவு தணிந்து தெரியும். தூக்கம் ஒரு நிமிடத்திலேயே கலைந்துவிடும்.

அப்படியானால் பட்டாசுக்கு என்ன அளவு? (சிவகாசி உறவினர் உள்ளவர், சாத்தூர்)

வெடிக்கிற இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபல். மேற்கு வங்கம் மட்டும் பல ஆண்டுகள் 90 என்று இறுக்கிப்பிடித்திருந்தது. 2023இல் அதுவும் 125க்கு இறங்கி வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளிக்குக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. உறவினரிடம் சொல்லுங்கள்: மத்தாப்புக்கும் சாட்டைக்கும் டெசிபல் கிடையாது, குழந்தைகள் கேட்பதும் அதைத்தான்.

மேல்வீட்டில் நாற்காலி இழுக்கிற சத்தம். எந்தச் சட்டத்தில் பிடிப்பது? (அடுக்குமாடிவாசி, முகப்பேர்)

எந்தச் சட்டத்திலும் சிக்காது. இது காற்றில் வருகிற சத்தமில்லை, கான்கிரீட் வழியாக இறங்குகிற சத்தம். 2016 தேசியக் கட்டடக் கையேட்டில் ஒலித் தடுப்புக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது, கட்டியவர் அதைப் புரட்டியிருந்தால் நீங்கள் எனக்கு எழுதியிருக்கமாட்டீர்கள். இப்போதைக்கு ஹார்டுவேர் கடையில் நாற்காலிக் காலுக்கு மாட்டுகிற ரப்பர் புஷ் ஒரு டஜன் வாங்கி, கூடவே நாலு முறுக்கும் வைத்து மேல்வீட்டு அக்காவிடம் கொடுங்கள். முறுக்கைத் தின்கிற சத்தம் கீழே வராது.

இங்கே வீட்டில் சுவரை உடைக்கவே நேரம் குறித்திருக்கிறார்கள். அங்கே எப்போது வரும்? (தமிழ் வாசகர், சிங்கப்பூர்)

உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சுத்தியல், டிரில் வேலை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டும், சனி ஞாயிறு கூடாது. ஆணியடிப்பவனுக்கும் அட்டவணை! அங்கே அண்டை வீட்டுத் தகராறுக்கென்றே 2015 முதல் தனித் தீர்ப்பாயம் வேறு இருக்கிறது. இங்கே அடுக்குமாடிச் சங்கங்கள் நினைத்தால் அடுத்த பொதுக்குழுவிலேயே இந்த நேரத்தைத் தீர்மானமாகப் போடலாம். அரசாங்கம் வரவேண்டியதில்லை, கோரம் வந்தால் போதும்.

நான் ராத்திரி டியூட்டி நர்ஸ். பகலில்தான் தூங்குவேன். என் இரவுக்குச் சட்டத்தில் இடம் உண்டா? (பெரம்பூர்)

தாயே, சட்டத்தின் இரவு பத்து முதல் ஆறு வரை. உங்கள் இரவு காலை எட்டு முதல் மதியம் மூன்று வரை. இரண்டும் சந்திப்பதே இல்லை. நீங்கள், பஸ் டிரைவர், மில் தொழிலாளி, பேப்பர் போடுகிற பையன், எல்லாரும் இந்த விதியின் சந்தில் விழுந்தவர்கள். பகலின் 55 உங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதே பிடிமானம். பகலிலும் பத்து டெசிபல் தாண்டினால் புகார் கொடுக்கலாம்.

உங்கள் தெருவில் மைக் கட்டுகிறவரை ஒருமுறை நீங்களே பாருங்கள். "அண்ணா, நேற்று ராத்திரி உங்கள் அம்மா வார்டில் நான்தான் டியூட்டி" என்று சொல்லுங்கள். பெரம்பூரில் யாராவது ஒருவர் வீட்டுக்கு அது உண்மையாகத்தான் இருக்கும்.

எனக்குப் பரீட்சை. பக்கத்தில் கட்சி மீட்டிங். என்ன செய்ய, தாத்தா? (ஆறாம் வகுப்பு, தர்மபுரி)

கண்ணு, அப்பாவை 100க்கு போன் போடச் சொல்லு. நீ கணக்கைப் போடு. மீட்டிங்கில் பேசுகிறவர் ஓட்டு கேட்கிறார். உன் வீட்டில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்று அப்பா அவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லட்டும்.

ஆடி ஞாயிறு எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம். நான்தான் விழாக்குழுச் செயலாளர். யாருக்கும் தொல்லையில்லாமல் மைக் வைக்க வழி சொல்லுங்கள். (வியாசர்பாடி)

தம்பி, இப்படி ஒரு கடிதத்துக்காகத்தான் இந்தப் பகுதியை இத்தனை வருஷமாக எழுதுகிறேன்.

முதலில் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரிய பெட்டி இரண்டை முக்கில் வைத்து முறுக்காமல், சின்னப் பெட்டி ஆறை ஜனங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக வையுங்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபல் குறைந்துவிடும். பெட்டி பக்கத்தில் இருந்தால் வால்யூம் பாதி போதும், அடுத்த தெருவுக்கு எட்டாது. பெட்டியின் முகம் அம்மனைப் பார்க்கட்டும், பிரசவ ஆஸ்பத்திரியைப் பார்க்கவேண்டாம். பேஸ் பெட்டி வேண்டவே வேண்டாம். பம்பையும் உடுக்கையும் இருக்கும்போது அது எதற்கு? ஒன்பதே முக்காலுக்கு மங்களம் பாடிவிடுங்கள், வயர் சுருட்டக் கால் மணி நேரம் ஆகும்.

முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் கூழுக்கு உண்டுதானே? எனக்கு ஒரு சொம்பு எடுத்துவையுங்கள், வருகிறேன்.